பியரில் முட்டை, கொத்தமல்லி, தேயிலை

சித்தப்பா ஸ்டவுட் (கறுப்புப் பியர்) குடிக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பியரில் யார் எதைக் கலந்து குடிக்கிறார்கள் என்ற விஷயத்தில் எனக்கு இருக்கும் அக்கறை எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம். சித்தப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். சம்பளம் போட்ட சனிக்கிழமை சாயந்தரம் டவுனுக்குப் போய் ஒரே ஒரு ஸ்டவுட் போத்தல் வாங்கிக்கொண்டு வருவார். வந்ததும் குடிக்க மாட்டார். மூடியைத் திறந்து, அடுப்படியில் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் போத்தலை நிறுத்தி வைப்பார் (மூடியோடு வைத்தால் வெடித்துவிடும், அதை அவர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்). பியரை ஐஸில் போட்டுக் குடித்தே பழகியவர்களுக்கு இது பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் தை மாதத்தில் எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) வந்து பாருங்கள், தகரத்திலிருந்து பனித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும், காலையிலிருந்து ஈரக் கம்பளியோடு மலையில் நின்றுவிட்டு வந்த மனுஷனின் விரல்கள் மடங்காது. அந்தக் கையில் ஐஸ் பியரை எப்படிக் கொடுப்பது?

போத்தல் சூடேறும் நேரத்தில் சில்வர் டம்ளரில் ஒரு நாட்டுக்கோழி முட்டையை உடைத்து ஊற்றி முள்ளுக்கரண்டியால் அடிப்பார். முட்டையைக் கோழிக்கூட்டிலிருந்து எடுத்து வருவது என் வேலை, எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகி நுரைத்து வெளிறும்வரை அடிக்க வேண்டும். அப்புறம் கித்துள் கருப்பட்டியைக் கத்தியால் சுரண்டிப் போட்டு, இரண்டு விரலால் மிளகுத்தூள் எடுத்துத் தூவி, ஒரு கையால் அடித்துக்கொண்டே மற்றக் கையால் ஸ்டவுட்டை நூல் மாதிரி ஊற்றுவார். அடிக்கிற கை நிற்கக் கூடாது. ஸ்டவுட் ரொம்பச் சூடாக இருந்தாலும், மளமளவென்று ஊற்றினாலும் முட்டை வெந்து திரிதிரியாக மிதக்கும். சரியாக வந்தால் கீழே கறுப்பு, மேலே இரண்டு விரல் உயரத்துக்கு டின்பால் நிறத்தில் நுரை. மிளகின் வாசமும் கருப்பட்டியின் வாசமும் சேர்ந்து அந்த ஒற்றை அறை முழுக்க நிற்கும். அதை மெதுவாகக் குடித்துவிட்டு, மீதி ஸ்டவுட்டையும் அப்படியே முடித்துவிட்டுப் படுத்துவிடுவார். அவ்வளவுதான், அடுத்த சம்பளம் வரை ஒன்றும் கிடையாது.

ஸ்டவுட் குடித்தால் இரத்தம் ஊறும் என்று சித்தப்பா இன்றைக்கும் நம்புகிறார். தோட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள், இந்த நம்பிக்கை வெள்ளைக்காரனோடு வந்தது. கின்னஸ் கம்பெனி 1929 இல் தொடங்கிய விளம்பரங்களில் 'கின்னஸ் உடம்புக்கு நல்லது' என்றே போட்டார்கள், அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் டொக்டர்மாரே நோயாளிகளுக்கு ஸ்டவுட் குடிக்கச் சொன்னார்கள். கறுப்பாக இருப்பதால் இரும்புச்சத்து நிறைய இருக்கும் என்று நினைப்பது சரியல்ல. கறுப்பு, வறுத்த பார்லியின் நிறம். சித்தப்பாவின் டம்ளரில் சத்து இருந்ததென்றால் அது முட்டையில்தான் இருந்தது. (பச்சை முட்டையில் கிருமி இருக்கலாம், ஸ்டவுட்டில் இருக்கும் அல்கஹோல் அதைக் கொல்லப் போதாது. அன்றைக்கு இட்ட முட்டையாகவே இருந்தாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

நான் பதினொரு வருஷமாக நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் பார் பார்க்கிறேன். வந்த புதிதில் சித்தப்பாவின் முட்டை ஸ்டவுட் எங்கள் லயத்து வழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு மழை நாள் வயதான இங்கிலாந்துக்காரர் ஒருவரிடம் அதைப் பற்றிச் சொன்னபோது அவர் எழுந்து வந்து கௌண்டரில் சாய்ந்துகொண்டார். அவர்கள் ஊரில் பழைய காலத்தில் 'ஃபிளிப்' என்று ஒன்று இருந்ததாம். பியர், ரம், சர்க்கரை, முட்டை எல்லாம் சேர்த்து, அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியை அதற்குள் விடுவார்கள், சீறிக்கொண்டு நுரைக்கும், ஓரத்தில் சர்க்கரை கருகி ஒரு கசப்பு வரும். அமெரிக்காவிலும் பதினெட்டாம் நூற்றாண்டில் சத்திரங்களில் இதுதான் குளிர்காலக் குடி. அப்புறம் தேடிப் பார்த்தால் ஜமேக்காவில் ஸ்டவுட்டில் டின்பாலும் சாதிக்காயும் போட்டு அடிக்கிறார்கள், ஹனோயில் முட்டை மஞ்சள் கருவை அடித்துப் பியரின் மேல் ஊற்றித் தருகிற கடை இருக்கிறது. சித்தப்பா இந்த ஊர்களின் பேரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார், ஆனாலும் அவருடைய கை அதே வேலையைத்தான் செய்தது. அன்றிலிருந்து யார் என்ன போட்டுக் குடிக்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினேன்.

ரொம்பச் சாதாரணமானது உப்பு. ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் வேன் டிரைவர்மார் உட்கார்ந்ததும் சிங்களத்தில் கேட்பார்கள், "மல்லி, லுணு டிக்கக் தென்னகோ." தம்பி, கொஞ்சம் உப்பு தா. நுரை அடங்கிப்போன கிளாஸில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் அடியிலிருந்து குபுகுபுவென்று எழும்பும். பியரில் கரைந்து நிற்கும் வாயுவுக்குக் குமிழாக மாற ஒரு பிடிமானம் வேண்டும், உப்புக் கல்லின் சொரசொரப்பு அந்தப் பிடிமானத்தைக் கொடுக்கிறது. அந்த நுரைக்காக வாயுவை இழக்கிறோம் என்பதும் உண்மை, ஐந்து நிமிஷத்தில் பியர் சப்பென்று போய்விடும். உப்பால் இன்னொரு வேலையும் நடக்கிறது, கசப்பை அமுக்கும். முதல் தடவை பியர் குடித்து முகத்தைச் சுளிக்கிற ஆளுக்கு உப்பு உதவுவது அதனால்தான். இங்கே ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, காற்றின் அழுத்தம் கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் சூடான கிளாஸில் ஊற்றினால் பியர் இங்கே சட்டென்று பொங்கும். கொழும்பில் பழகிய கை இங்கே வந்து ஊற்றும்போது மேசையெல்லாம் நுரையாவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

கச்சானும் இதே கணக்குதான். வறுத்த கச்சான் ஒன்றைக் கிளாஸில் போட்டால் முதலில் அடிக்குப் போகும். உடம்பெல்லாம் குமிழ் ஒட்டிக்கொண்டதும் மேலே வரும், வந்ததும் குமிழ் உடையும், திரும்பவும் கீழே போகும். இப்படியே ரொம்ப நேரம் ஏறி இறங்கும். ஆர்ஜென்டினாவில் பார்க்காரர்கள் செய்துகாட்டும் வித்தை இது. ஜெர்மனியில் இருக்கும் ஆராய்ச்சியாளர்கள் இதைப் படித்து 2023 இல் கட்டுரையே எழுதினார்கள், பூமிக்கு அடியில் உருகிய பாறைக்குழம்பில் தாதுக்கள் மேலே மிதந்து வருவதைப் புரிந்துகொள்ளவும் இது உதவும் என்று அதில் சொல்கிறார்கள். எங்கள் பாரில் பைட்ஸ் தட்டிலிருந்து எத்தனை கச்சான் கிளாஸுக்குள் விழுந்திருக்கும், நான் கரண்டியால் எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தேன்.

மெக்சிகோக்காரர் ஒருவர் வந்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது. கிளாஸ் விளிம்பில் தேசிக்காய் தேய்த்து, உப்பும் கொச்சிக்காய்த்தூளும் கலந்த தட்டில் அதைக் கவிழ்த்து எடுத்து, உள்ளே தேசிப்புளி, கொஞ்சம் தக்காளிச் சாறு, ஒரு சொட்டு காரச் சோஸ், மேலே பியர். பேர் 'மிச்செலாடா'. அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன், செய்து முடித்து ஒரு வாய் குடித்துப் பார்த்ததும் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டேன். அங்கே அன்னாசியை நீளத்துண்டாக வெட்டி உப்பும் கொச்சிக்காய்த்தூளும் தடவிக் கொடுப்பார்களே, அதே காரம், அதே உறைப்புக்கு நடுவில் வரும் அதே இனிப்பு. இந்த நாட்டில் பிறந்த நாக்குக்கு இதைவிடப் பொருத்தமான பியர் இல்லை. இப்போது கேட்கிறவர்களுக்கு அன்னாசிச் சாறு விட்டே செய்து கொடுக்கிறேன். கொச்சிக்காய்த்தூளை மட்டும் வாணலியில் ஒரு நிமிஷம் வறுத்துக்கொள்ளுங்கள், பச்சைத்தூள் தொண்டையில் பிடிக்கும்.

பியரில் எதையாவது போட்டாலே அதைக் கெடுத்துவிட்டதாகச் சொல்கிறவர்கள் உண்டு, உள்ளூர்க்காரர்களிலும் உண்டு. அவர்கள் எல்லோரும் காட்டுகிற உதாரணம் ஜெர்மனி. 1516 இல் பவேரியாவில் போட்ட சட்டப்படி பார்லி, ஹாப்ஸ் (கசப்புத் தரும் ஒரு பூ), தண்ணீர் மட்டும்தான் பியரில் இருக்கலாம். சரி, அது பவேரியாவின் சட்டம். அதே ஜெர்மன்காரர்கள்தான் என் பாரில் உட்கார்ந்து பாதி பியர், பாதி ஸ்பிரைட் கேட்கிறார்கள், கோலா ஊற்றிக் குடிக்கிறார்கள். பெர்லினில் புளிப்புப் பியருக்கு ராஸ்பெரிப் பாணி விட்டால் சிவப்பு, ஒரு மூலிகைப் பாணி விட்டால் பச்சை, 'சிவப்பா பச்சையா' என்றுதான் கடையில் கேட்பார்களாம். ஹாப்ஸ் பரவுவதற்கு முன்னால் ஐரோப்பாவில் காட்டுச் செடிகளையும் மூலிகைகளையும் போட்டுத்தான் பியர் காய்ச்சினார்கள். ஆகவே எதுவும் சேராத சுத்தமான பியர் என்பது பின்னால் வந்த பழக்கம், சேர்ப்பதுதான் பழசு.

பெல்ஜியத்தில் ஹூகார்டன் என்று ஒரு ஊர். அங்கே கோதுமைப் பியரில் கொத்தமல்லியும் தோடம்பழத் தோலும் போடுவது நூற்றாண்டுக் கணக்கான வழக்கம். கடைசிப் புரூவரியும் மூடப்பட்டு அந்த வகையே இல்லாமல் போனபோது, பியர் செலிஸ் என்ற பால்காரர் 1966 இல் திரும்பத் தொடங்கி அதைக் காப்பாற்றினார். (பியர் என்பது அவருடைய பேர்.) கொத்தமல்லி என்று கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தடிமன் பிடித்தால் நம் வீட்டில் முதலில் அடுப்பில் ஏறுவது கொத்தமல்லியும் இஞ்சியும்தானே! வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லியை லேசாக வறுத்து அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கி, தோடம்பழத் தோலை உள்வெள்ளை இல்லாமல் சீவி, இரண்டையும் கால் கிளாஸ் கொதிநீரில் பத்து நிமிஷம் மூடி வைத்து, வடித்து ஆறவிட்டு, ஒரு கிளாஸ் லாகருக்கு (சாதாரண வெளிர் பியர்) இரண்டு மேசைக்கரண்டி. அம்மா மோந்து பார்த்துவிட்டு, "இது மருந்துதானடா" என்றார். இஞ்சி வேண்டுமென்றால் தனியாகக் காய்ச்ச வேண்டியதில்லை, கடையில் விற்கும் ஜிஞ்சர் பியரை ஊற்றினால் போதும், நம் நாட்டு ஜிஞ்சர் பியரில் அல்கஹோலும் இல்லை.

இனி சொல்லப் போவது எனக்குச் சுலபமில்லை. மலையில் பியரில் அதிகமாகப் போடப்படுவது உப்போ முட்டையோ கொத்தமல்லியோ இல்லை. சாராயம்.

என் அப்பா சித்தப்பாவின் சொந்த அண்ணன். ஒரே லயம், ஒரே பெரட்டுக்களம், ஒரே சம்பளம். அப்பாவும் ஸ்டவுட்தான் வாங்குவார். போத்தலைத் திறந்து கழுத்துவரை குடித்துவிட்டு, அந்த இடைவெளியில் சாராயத்தைச் சாய்ப்பார், குடிக்கக் குடிக்கச் சாய்த்துக்கொண்டே இருப்பார். 625 மில்லிலீற்றர் ஸ்டவுட்டில் 8.8 சதவீதம் என்றால் சுத்த அல்கஹோல் 55 மில்லிலீற்றர். கால் போத்தல் சாராயம், அதாவது 180 மில்லிலீற்றர், 33 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் அதில் ஏறத்தாழ 60. இரண்டும் சேர்ந்தால் ஒரு ஸ்டவுட் குடிக்கிறவன் இரண்டு ஸ்டவுட்டுக்கு மேலே குடித்திருப்பான், ஆனால் கணக்கில் அவன் 'ஒரு போத்தல்தான் அடிச்சேன்'. ஸ்டவுட்டின் கசப்பும் இனிப்பும் சாராயத்தின் காரத்தை மறைத்துவிடும், அதனால் கையும் நிற்காது. காசு குறைந்த மாதங்களில் சாராயத்தின் இடத்தில் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் வந்தது, அதில் என்ன இருக்கிறது என்று காய்ச்சியவனுக்கே தெரியாது. அப்பா போனபோது அவருக்கு 46, எனக்குப் பத்தொன்பது. கடைசி வருஷத்தில் அவருடைய கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. அந்த வருஷம் அம்மா கொழுந்து நிறுத்துக் கொண்டுவந்த காசில் எவ்வளவு போனது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை.

கொரியாவில் இருந்து வருகிறவர்கள் பியரில் சோஜு என்ற தங்கள் ஊர்ச் சாராயத்தை ஊற்றிக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன், சின்னக் கிண்ணத்தில் அளந்து ஊற்றுகிறார்கள், கூட்டமாகச் சிரித்துக்கொண்டு குடிக்கிறார்கள், சாப்பாடும் சேர்ந்தே நடக்கிறது. அது அவர்கள் வழக்கம், எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் ஆள் ஒருவர் கௌண்டருக்கு வந்து, "தம்பி, பியரோட ஒரு ஷொட் சேத்து ஊத்து" என்றால் நான் ஊற்ற மாட்டேன். "அண்ணே, ரெண்டையும் தனித்தனியா தாரேன், நீங்களே பாத்துக் குடிங்க" என்பேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. முதலாளிக்கு இது தெரியும், ஒன்றும் சொன்னதில்லை. முட்டை, மிளகு, கருப்பட்டி, கொத்தமல்லி என்று எதைப் போட்டாலும் குடிக்கிறவன் அதன் ருசியைத் தேடுகிறான், வாயில் வைத்திருந்து பார்க்கிறான், நேரம் எடுக்கிறது. சாராயம் போடுவது அந்த நேரத்தைச் சுருக்குவதற்கு. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து 'பியரில் கலப்பவை' என்று பேசுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

கடைசியாகத் தேயிலை. இது எப்படி இவ்வளவு காலம் நான் அறிய இங்கே யாருக்கும் தோன்றவில்லை என்று எனக்கு ஆச்சரியம். நுவரெலியாவில் பியர் காய்ச்சுவதைத் தொடங்கி வைத்தவர் சாமுவேல் பேக்கர் என்றுதான் இங்கே சொல்வார்கள், 1840களின் கடைசியில் இங்கே குடியேறி, அப்புறம் ஆபிரிக்காவுக்குப் போய் அல்பர்ட் ஏரியைக் கண்டவர். 1881 இல் சிலோன் புரூவரி இதே ஊரில் வந்தது. தொண்ணூறுகளில் வேலை கொழும்புப் பக்கத்துப் பியகமவுக்குப் போகும்வரை நூறு வருஷத்துக்கு மேல் பியர் இந்த மலையில்தான் காய்ச்சப்பட்டது, சுற்றிலும் தேயிலை. இரண்டும் ஒரே குளிரில், ஒரே தண்ணீரில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒரு கிளாஸில் சேரவில்லை.

சுடச்சுடச் சாயம் போட்டு ஆறவைத்து ஊற்றிப் பார்த்தேன், சரிவரவில்லை. தேயிலையின் துவர்ப்பும் ஹாப்ஸின் கசப்பும் சேர்ந்து நாக்கு வறண்டது. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தபோதுதான் வழி கிடைத்தது, குளிர்ந்த தண்ணீரில் துவர்ப்பு குறைவாகத்தான் இறங்கும், வாசம் நன்றாக இறங்கும். அரை லீற்றர் தண்ணீருக்கு 30 கிராம் தூள், இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில், காலையில் மெல்லிய துணியில் வடிகட்டு. பிழியாதீர்கள், பிழிந்தால் துவர்ப்பு வந்துவிடும். கிளாஸில் முதலில் தேயிலைத் தண்ணீர் ஒரு பங்கு, கிளாஸைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மேலே லாகர் ஐந்து பங்கு. கலக்கக் கூடாது, அதுவாகக் கலக்கும். மாசி வெயிலில் பீலித் தண்ணீர் மின்னுகிற மாதிரி ஒரு செம்பொன் நிறம். தூள் முக்கியம். டஸ்ட் என்ற பொடித்தூளில் செய்தால் நிறம் மட்டும்தான் வரும். திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல பருவம், வறண்ட குளிர்காற்றில் கொழுந்து மெதுவாக வளர்ந்து வாசம் கூடும், அந்த மாதங்களின் பீஓபி (உடைத்த இலைத் தரம்) கிடைத்தால் அதைப் போடுங்கள்.

போன போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறை) அடுத்த நாள் ஒரு போத்தல் தேயிலைத் தண்ணீரும் இரண்டு லாகரும் மீதித் தூளும் எடுத்துக்கொண்டு சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். அவருக்கு இப்போது 71, மலைக்குப் போவதை நிறுத்தி எவ்வளவோ காலமாகிறது, கவ்வாத்துக் கத்தி மட்டும் இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ஊற்றிக் கொடுத்தேன். குளிர்ந்த பியர் என்று முதலில் தயங்கினார், அப்புறம் ஒரு மடக்குக் குடித்து, வாயிலேயே வைத்திருந்து, விழுங்கிவிட்டு, "இது தை மாசக் கொழுந்தாடா?" என்று கேட்டார்.

"எப்படிச் சித்தப்பா தெரியும்?"

"காத்து வாசம் வருதுல்ல."

முப்பத்தைந்து வருஷம் அந்தச் செடியை வெட்டியவர். தோட்டத்தில் அவருக்குக் கிடைத்த தூளெல்லாம் கழிவுத் தூள், அவர் வெட்டி வளர்த்த செடியின் நல்ல தேயிலையை அவர் வீட்டு அடுப்பில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பையைக் காட்டி, மீதித் தூளை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வரும் சனிக்கிழமை ஸ்டவுட்டைச் சூடாக்கும்போது அதில் ஒரு கரண்டி துணியில் முடிந்து போட்டுப் பார்க்கப் போகிறாராம், முட்டையும் அடித்து.